விளக்கெண்ணெய் விமானங்கள்!

விளக்கெண்ணெய் ஞாபகம் இருக்கிறதா சார்? சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவாளே... அப்புறம் நாள் பூரா கொல்லைப்பக்கம் போவதும் வருவதுமாக இருப்போமே... அதேதான்! அந்த வாசனை மறுபடி என் மூக்கில் ஏறியது இங்கிலாந்தில். அதுவும் ஒரு போர் விமானத்திலிருந்து!

லண்டனிலிருந்து வடக்கே ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் பிகிள்ஸ்வேட் என்ற சின்ன ஊர். அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் ஓல்ட் வார்டன். வைக்கோல் கூரை போட்ட வீடுகளோடு, காலண்டர் படத்திலிருந்து கத்தரித்து எடுத்த மாதிரி ஒரு கிராமம். அதன் பக்கத்தில்தான் ‘ஷட்டில்வொர்த் கலெக்‌ஷன்’. பழைய விமானங்களின் மியூசியம். ஆனால், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்து ‘தொடாதே’ என்று போர்டு மாட்டுகிற சமாசாரம் இல்லை. இங்கே விமானங்களைப் பறக்க விடுகிறார்கள். ரன்வேகூட தார் ரோடு கிடையாது. பச்சைப் பசேல் என்று புல்தரை!

1928-ல் இதை ஆரம்பித்தவர் ரிச்சர்ட் ஷட்டில்வொர்த். பணக்கார வீட்டு ஒற்றைப் பிள்ளை. கார் ரேஸ் பைத்தியம், விமானப் பைத்தியம். 1940-ல் விமானப்படையில் ராத்திரிப் பயிற்சிக்குப் போனவர் விபத்தில் இறந்துவிட்டார். வயசு 31. வேறொரு தாயாக இருந்தால், ‘என் பிள்ளையைத் தின்ன சனியன்கள்’ என்று மொத்தத்தையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பாள். டோரதி அம்மாள், மகன் பெயரில் டிரஸ்ட் வைத்துக் காப்பாற்றினார்.

நாங்கள் போனது ஷோ நடக்கிற அன்றைக்கு இல்லை. அதற்கு முந்தின நாள், ஒத்திகைக்கு. கூட வந்த நண்பனுக்கு அதில் ஏகப்பட்ட வருத்தம்.

“மாப்ளே, கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போடான்னா, சமையல் பாத்திரம் இறக்கறப்பக் கூட்டிட்டு வந்திருக்கியே!”

எனக்கு என்னவோ சமையல்கட்டுதான் பிடிக்கும். கூட்டம் இல்லை, மைக் இல்லை. புல்வெளியில் நாலைந்து பைலட்டுகள் இரண்டு கையையும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி, ஒருவர் பின்னால் ஒருவராகச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். தலை நரைத்த ஆசாமிகள்! நண்பன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். விஷயம் சிரிக்கிறது அல்ல. யார் எந்த இடத்தில் திரும்புவது, யாருக்குப் பின்னால் யார் இறங்குவது என்று மேலே போவதற்கு முன் தரையில் நடந்தே மனப்பாடம் செய்கிறார்கள். 2015-ல் இதே நாட்டில் ஷோரம் என்ற ஊரில், ஏர்ஷோவில் குட்டிக்கரணம் போட்ட பழைய ஹண்டர் விமானம் ஒன்று ரோட்டில் விழுந்து 11 பேர் செத்துப் போனார்கள். எல்லோரும் விமானதளத்துக்கு வெளியே இருந்தவர்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. ‘இந்தப் பழைய சாமானையெல்லாம் பறக்க விடத்தான் வேண்டுமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஷெட்டிலிருந்து முதலில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது ஒரு சாப்வித் டிரிப்ளேன். மாடி மேல் மாடியாக மூன்று அடுக்கு இறக்கை. 1917-ல் ஜெர்மன்காரர்களைக் கலங்க அடித்த ரகம்.

“இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?” என்று நண்பன் ரிச்சி தெரு பாணியில் ஆரம்பித்தான். பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்த தொண்டர் தாத்தா கோபித்துக்கொள்ளாமல் கதை சொன்னார்.

இந்த ரகத்தில் அந்தக் காலத்து விமானங்கள் உலகத்தில் இரண்டே இரண்டுதான் மிச்சம். ஒன்று லண்டனில், ஒன்று ரஷ்யாவில். இரண்டும் மியூசியத்தில். ஆகவே யார்க்‌ஷயரில் சில ஆர்வலர்கள் ஒன்று சேர்ந்து, பழைய வரைபடங்களை வைத்து, மரம், கம்பி, துணி எல்லாம் அப்போதிருந்த மாதிரியே போட்டு, ஓய்வு நேரத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து இதைச் செய்தார்கள். எஞ்சின் மட்டும் நிஜமான பழைய கிளெர்ஜே. சாப்வித் கம்பெனியை ஆரம்பித்த சர் தாமஸ் சாப்வித் அப்போது உயிரோடு இருந்தார். வேலையைப் பார்த்து அசந்துபோய், ‘இது நகல் இல்லை, எங்கள் தயாரிப்புதான், கொஞ்சம் லேட்டாக வருகிறது’ என்கிற மாதிரி அறிவித்து, பழைய வரிசையில் அடுத்த நம்பரையும் கொடுத்துவிட்டார்! சுமார் 70 வருஷம் லேட்! நம்ம கான்ட்ராக்டர்களே வெட்கப்படுகிற லேட்!

விமானம் முதலில் பறந்தது 1992-ல். பார்க்க அவர் இல்லை. 1989-ல், 101-வது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நம்ம திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் எரிந்துபோய், மறுபடி செய்ததுதானே? அதை ‘டூப்ளிகேட் தேர்’ என்று சொல்லிப் பாருங்கள், வடத்தாலேயே கட்டிப்போடுவார்கள்!

அடுத்து நின்ற எஸ்.இ.5ஏ சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரிஜினல். 1918 நவம்பரில் சண்டை போட்டது. சண்டை முடிந்ததும் அதற்குக் கிடைத்த உத்தியோகம், வானத்தில் புகையால் விளம்பரம் எழுதுவது! ரிடையரான சுபேதார் பாங்க் வாசலில் வாட்ச்மேனாக நிற்கிற மாதிரி. அப்புறம் 1950-களில் மீட்டுப் பழுது பார்த்தார்கள்.

இதே ரக விமானத்தில்தான் நம்ம ஆள் ஒருத்தர் பறந்தார். இந்திர லால் ராய், கல்கத்தாவில் பிறந்தவர். கண் பார்வை சரியில்லை என்று முதலில் கழித்துக்கட்டிவிட்டார்களாம். பையன் தன் மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் டாக்டரிடம் காட்டி, சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார் என்பார்கள். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வெற்றி. அதே ஜூலை 22-ம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டார். வயசு 19. நம் ஊரில் அந்த வயதில் அரியர்ஸ் எழுதிக்கொண்டிருப்போம். காக்பிட்டை எட்டிப் பார்த்தேன். பிரம்பு நாற்காலி அகலம்கூட இல்லை. சுற்றிலும் மரச்சட்டமும் துணியும். பாராசூட்? அந்த நாளில் இவர்களுக்கு அதெல்லாம் கொடுக்கவில்லை. நண்பனும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மத்தியானம் பூரா காற்று. கம்பத்தில் கட்டிய துணிக்குழாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. 1909-ல் செய்த ப்ளேரியோ ஒன்று இங்கே இருக்கிறது. பறக்கிற நிலையில் உள்ள விமானங்களில் உலகத்திலேயே பழசு என்பார்கள். அது வெளியே தலைகூடக் காட்டவில்லை. மரத்தில் இலை அசைந்தால் அதற்கு லீவு!

ஆறு மணிக்கு மேல் காற்று அடங்கியது. டிரிப்ளேன் பக்கம் திடீர் சுறுசுறுப்பு. ஒருவர் காற்றாடியைப் பிடித்து இழுத்துச் சுற்ற, இன்னொருவர் தீயணைப்பு சிலிண்டரோடு தயாராக நிற்க, மூன்றாவது முயற்சியில் ‘படபடபட’ என்று பிடித்துக்கொண்டது. ஒரு மேகம் நீலப்புகை. கூடவே... பாட்டி!

இந்த எஞ்சினில் காற்றாடியோடு சேர்ந்து எஞ்சினே முழுசாகச் சுற்றும். பெட்ரோலோடு கலந்து நீர்த்துப்போகாத எண்ணெய் வேண்டுமே? ஆகவே விளக்கெண்ணெய். உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. எரிந்தது போக மிச்சம் பைலட் முகத்தில்தான். ஒரு ரவுண்டு போய் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிய மாவீரர்கள் உண்டு. ‘காஸ்ட்ரால்’ என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

புல்லில் நூறடி ஓடியிருக்குமா, தெரியவில்லை. காற்றாடிப் பட்டம் மாதிரி சட்டென்று எழும்பிவிட்டது. மஞ்சள் வெயில் துணி இறக்கையில் ஊடுருவி, உள்ளே இருக்கிற மரச்சட்டங்கள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. நான் அந்த நிமிஷமே ‘பறக்கட்டும்’ கட்சியில் சேர்ந்துவிட்டேன். பாடம் பண்ணின புலியை எத்தனை தரம் பார்த்தாலும் அது உறுமாது சார்.

இறங்கும்போது எஞ்சினை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். ‘பர்ர்ர்’... நிசப்தம்... ‘பர்ர்ர்’... அந்த இடைவெளியில் கம்பிகளுக்கு நடுவே காற்று விசிலடிப்பது தரைக்கே கேட்டது. நண்பன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பைலட் இறங்கிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு மெக்கானிக் நோட்டில் எஞ்சின் ஓடிய நிமிஷக் கணக்கை எழுதினார். பழைய எஞ்சின், ஸ்பேர் கடையில் கிடைக்காது, ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

“நாளைக்கு ஷோவில் பார்க்கலாம்தானே?” என்று தாத்தாவிடம் கேட்டேன்.

“காற்று விட்டால்” என்று சொல்லிவிட்டு, வயிற்றுப்பக்கம் வழிந்திருந்த எண்ணெயைத் துடைக்கக் குனிந்தார். இரண்டு பேர் வாலைத் தூக்கிப் பிடித்து, விமானத்தைப் பின்பக்கமாக ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.