பூட்டின வீட்டுக்கு மெயின்டெனன்ஸ்

கோயமுத்தூரில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதற்கு மாதம் 14,619 ரூபாய் கட்டிக்கொண்டிருக்கிறேன். வங்கிக் கடன் எதுவும் இல்லை. 2012-ல் முழுப் பணமும் கொடுத்து அப்பா பெயரில் கிரயம் செய்த வீடு. ஆனால் நான் அதில் குடியிருக்க முடியாது. எனக்கு வயசு போதாதாம்!

ஜோக் இல்லை. அது ரிடையர்மென்ட் கம்யூனிட்டி. கணவன் மனைவியில் ஒருவருக்காவது 55 முடிந்திருக்க வேண்டும். எனக்கு 51, வீட்டம்மாவுக்கு 47. இன்னும் நாலு வருடம் பொறுத்தால் என் சொந்த வீட்டில் எனக்கு இடம் கிடைக்கும் :-)

போன மாதம் மயூர் விகாரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார், "சார், உங்க அப்பா அம்மாவுக்கு கோயமுத்தூர்ல வாங்கினீங்களே, எவ்வளவு ஆச்சு? எங்க அப்பாவுக்கும் பாத்துட்டிருக்கேன்." 32 லட்சம் என்றேன். ரசம் வந்தது, பேச்சு மாறிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தலாகவே இருந்தது. தப்பான பதிலைச் சொல்லிவிட்டேன். 32 லட்சம் என்பது உள்ளே நுழைவதற்கான டிக்கெட். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய கதை இதுதான்.

அப்பா ஒரு மில்லில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் மாதம் 1,900 ரூபாய். சிங்காநல்லூரில் கட்டின மாடி வீடு. 2012-ல் அவருக்கு 70. படி ஏற முடியவில்லை, அம்மாவுக்குக் குடம் தூக்க முடியவில்லை. நொய்டாவுக்கு வாங்க என்றால், "உங்க ஊர்க் குளுருக்கு நாங்க ஆகமாட்டோம்" என்று விட்டார். தொண்டாமுத்தூர் பக்கம் புதிதாக வந்த ஒரு குடியிருப்பைப் பார்த்தோம். மூன்று வேளை சைவச் சாப்பாடு, கூப்பிட்டால் நர்ஸ், குளியலறையில் கைப்பிடி, தலைமாட்டில் அவசர மணி. மேற்கே பார்த்தால் மலை. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது.

இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, பாதி விலையில் வாழ்நாள் குத்தகை: டெபாசிட் கட்ட வேண்டியது, காலத்துக்குப் பிறகு ஒரு பகுதி வாரிசுக்குத் திரும்ப வரும். இன்னொன்று, முழுக் கிரயம். குத்தகையே போதும் என்று நான் சொன்னேன். அப்பா ஒப்பவில்லை. அதற்கு என் நொய்டா வீடும் ஒரு காரணம்.

நொய்டாவில் நிலம் அத்தாரிட்டிக்குச் சொந்தம். நாம் வாங்குவது 90 வருடக் குத்தகை. வருடா வருடம் லீஸ் ரென்ட் கட்ட வேண்டும், அல்லது நான் வாங்கின காலத்து விதிப்படி 11 வருட வாடகையை மொத்தமாகக் கட்டினால் மீதி வருடங்களுக்குத் தொல்லை இல்லை. 2009-ல் என் 1,100 சதுர அடிக்கு அடிக்கு 65 ரூபாய் வீதம் 71,500 வாங்கிக்கொண்டார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப கோயில் அடிமனை மாதிரியாடா? சுவரு உன்னுது, தரை சாமியுது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அம்பது லட்சம் குடுத்து அடிமனையில போயி உக்காந்துட்டியே" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கு அப்படி ஆகக் கூடாது என்று கிரயப் பத்திரமே போட்டுக்கொண்டார். 820 சதுர அடி வீடு, 410 சதுர அடி பிரிபடாத பாகம். அந்த 410 என்ற எண்ணை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

பத்திரத்தோடு இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. பராமரிப்பு ஒப்பந்தம், 34 பக்கம். அதை நானும் படிக்கவில்லை, கணக்கரான அப்பாவும் படிக்கவில்லை. படித்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். அதில் மூன்று விஷயங்கள். சதுர அடிக்கு 6 ரூபாய், அதாவது மாதம் 4,920, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வருடா வருடம் 8 சதவீத ஏற்றம், வரி தனி. விற்றால் நடத்துகிற கம்பெனிக்கு விலையில் 2 சதவீதம், வாங்குகிறவர் 55 தாண்டியிருக்க வேண்டும், கம்பெனியின் சம்மதக் கடிதம் வேண்டும். வாடகைக்கு விட்டாலும் அதே வயது விதி.

எட்டு சதவீதம் என்றால் பெரிதாகத் தெரியாது. 4,920-ஐ 12 தடவை எட்டு எட்டாக ஏற்றிப் பாருங்கள். 2025 ஏப்ரலில் 12,389. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,230. ஆக 14,619. நொய்டாவில் 90 வருடத்துக்கு நான் கட்டித் தீர்த்த தரை வாடகையை இந்தப் பூட்டின வீடு ஐந்தே மாதத்தில் தின்றுவிடுகிறது. அடிமனையில் உட்கார்ந்தது யார் என்று அப்பாவிடம் கேட்க இப்போது அவர் இல்லை.

2019 நவம்பரில் போனார். தூக்கத்திலேயே. காரியமெல்லாம் முடிந்து அலமாரியை ஒழித்தபோது வருடத்துக்கு ஒன்றாக ஆறு டைரிகள் கிடைத்தன. மில் கணக்கர் எழுத்து, பைசா சுத்தம். 2013-ல் இடது பக்கம்: 22 லட்சம் டெபாசிட்டுக்கு 9 சதவீத வட்டி, மாதம் 16,500, பென்ஷன் 1,900. வலது பக்கம்: பராமரிப்பு வரியோடு ஐந்தரை ஆயிரம், சாப்பாடு ஆளுக்கு 3,000 வீதம் 6,000. கையில் ஆறாயிரத்துக்கு மேல் மிச்சம். மனிதர் சந்தோஷமாக இருந்திருக்கிறார், மருதமலை டாக்சிச் செலவெல்லாம் எழுதியிருக்கிறது.

2017 டைரி வேறு மாதிரி. வட்டி 7 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இடது பக்கம் பென்ஷனோடு சேர்த்து 14,700 சொச்சம். வலது பக்கம் பராமரிப்பு 6,694. ஜூலையில் ஜிஎஸ்டி வந்து 15 சதவீத சேவை வரி இருந்த இடத்தில் 18 ஆக, 7,899. சாப்பாடு ஆளுக்கு 4,000. இந்த இரண்டுமே 15,899. மருந்து, கரண்ட், ஃபோன் இதற்கு மேல். முதல் தடவையாக வலது பக்கம் இடது பக்கத்தைத் தாண்டியிருக்கிறது. செப்டம்பரிலிருந்து சாப்பாட்டு வரியில் ஒரு சின்ன மாற்றம். 'இரவு – 1 நபர்.'

அந்தச் சமயத்தில் ஃபோனில் பேசும்போதெல்லாம், "ராத்திரியில சோறு எறங்க மாட்டேங்குது, ஒரு தம்ளர் மோரோட சரி" என்பார். வயதானால் அப்படித்தான், நல்லதும்கூட என்று நானும் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவும் டைரியைப் பார்த்தார். "ஒரு நேரச் சாப்பாடு நிறுத்துனா ஆயிரத்தி எரநூறு கொறையும்னாரு. உன்கிட்டக் கேக்கறதுக்கு அவருக்கு மனசு வர்ல கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் பணம் அனுப்பாதவன் இல்லை. அனுப்பட்டுமா என்று கேட்கிற ஒவ்வொரு முறையும் "தேவைப்பட்டாக் கேக்கறேன்" என்றார், நானும் விட்டுவிட்டேன். கேட்டுவிட்டு அனுப்பியதுதான் தப்பு. கேட்காமல் அனுப்பியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னேனே என்று அந்த இடத்தைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அம்மா அங்கே தனியாக, அப்பா போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நொய்டாவிலிருந்து நான் அசைய முடியவில்லை. ரயில் இல்லை, விமானம் இல்லை. அந்த இரண்டு மாதமும் மூன்று வேளையும் அடுக்குத் தூக்கில் சாப்பாடு வாசலுக்கு வந்தது. ஒரு நாள் ரத்த அழுத்தம் ஏறி ராத்திரி 11 மணிக்கு மணி அடித்திருக்கிறார், ஐந்து நிமிஷத்தில் நர்ஸ் வந்து நின்றது. சமையல்காரர்கள் வீட்டுக்கே போகாமல் அங்கேயே படுத்தார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு அவர்கள் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆள் கூலி வருடா வருடம் ஏறத்தான் செய்யும். அதில் வழக்கில்லை. எதற்கு எவ்வளவு போகிறது என்று தெரியாததுதான் வழக்கு.

2022-ல் பெயின்ட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் என்று வீட்டுக்கு 45,000 தனியாகக் கேட்டார்கள். ஆரம்பத்தில் வாங்கின கார்ப்பஸ் ஃபண்ட் ஒரு லட்சம் என்ன ஆயிற்று, யார் பெயரில் இருக்கிறது, அதன் வட்டி எங்கே என்று எழுதிக் கேட்டேன். ஒரு பக்கக் கணக்கு வந்தது. 'இதர செலவுகள்' என்ற வரிதான் அதில் பெரிய தொகை. அப்பா இருந்திருந்தால் அந்தத் தாளை மடித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்.

சங்கம் வைத்தால் என்ன என்பீர்கள். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. வரியிலும் லாபம் உண்டு. கம்பெனி பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி. வீட்டுக்காரர்கள் சங்கம் தானே நடத்தினால் ஒருவருக்கு மாதம் 7,500 வரை வரி இல்லை. தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019-ல் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. தாண்டின பகுதிக்கு மட்டும்தான் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்ப்பது? அங்கே இருப்பவர்களின் சராசரி வயது 78 இருக்கும். தலைவராக இருக்கச் சம்மதித்த ஒரே ஆள் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆகவே பிள்ளைகள் நாங்கள் பெங்களூர், ஷார்ஜா, நியூஜெர்சி என்று எங்கெங்கோ இருந்து மாதம் ஒருமுறை வீடியோவில் கூடிக் கத்திக்கொண்டிருக்கிறோம். அடுத்தடுத்து யாருடைய அப்பாவோ அம்மாவோ போய்விட, அந்த முகமும் கூட்டத்துக்கு வராமல் நின்றுவிடுகிறது.

கல்லூரித் தோழன் ஒருவன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே முதியோர் ஃபிளாட்டெல்லாம் பெரும்பாலும் குத்தகைதான். தரை வாடகை என்று வருடா வருடம் பெரிய தொகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2022-ல் சட்டம் போட்டுப் புதுக் குத்தகைகளுக்கு அதை ஒழித்தார்கள், முதியோர் வீடுகளுக்கு மட்டும் 2023 ஏப்ரல் 1 வரை தவணை கொடுத்து. பழைய குத்தகைக்காரர்கள் பழையபடி கட்டுகிறார்கள். பராமரிப்புக் கட்டணத்துக்கு அந்தச் சட்டம் கை வைக்கவே இல்லை. "உங்க அப்பா தரையைப் பத்திக் கவலைப்பட்டாரு, இங்கயும் எல்லாரும் அதைத்தான் பாத்தாங்க" என்றான். நம் மத்திய அரசும் 2019-ல் ரிடையர்மென்ட் வீடுகளுக்கு மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கட்டுகிறவர், நடத்துகிறவர், வாங்குகிறவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது. நல்ல யோசனைதான், ஆனால் வழிகாட்டுதல் சட்டமில்லை.

கல்யாண வீட்டு நண்பர் இதைப் படித்தால்: பத்திரத்தை வக்கீலிடம் கொடுங்கள், பராமரிப்பு ஒப்பந்தத்தை நீங்களே ராத்திரி உட்கார்ந்து படியுங்கள். முதல் மாதத் தொகையைக் கேட்காதீர்கள், பன்னிரண்டாவது வருடத் தொகையைக் கேளுங்கள். பூட்டி வைத்தால் எவ்வளவு என்று கேளுங்கள். அப்பாவின் வட்டி வருமானத்தைப் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். இடிக்கிற வருடத்திலிருந்து பணம் உங்களுடையது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்புறம் கேட்காதீர்கள்.

2023 அக்டோபரில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்ததும் நொய்டாவுக்குக் கூட்டி வந்துவிட்டேன். குளிரைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். வீட்டை வாங்க ஒருவர் வந்தார், 38 லட்சம் சொன்னார். அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், "வித்துரலாமாம்மா?" அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். "அங்க ஒரு ஊடு கெடக்குதுங்கற நெனப்புலதான் கண்ணு இங்க உக்காந்திருக்கறேன்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. வந்தவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாவி அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஒன்றாம் தேதி ஆனால், "மெயின்டெனன்ஸ் கட்டியாச்சா?" என்று கேட்பார். ஆச்சும்மா என்பேன். போன மாதம், "எவ்வளவு கண்ணு இப்ப?" என்றும் கேட்டார்.

ஐயாயிரம் சொச்சம்தாம்மா என்றேன்.