ஸ்லைடுல ஒட்டாத ஒட்டுண்ணி

பொட்டி தட்டுறவனுக்கு ரத்தப் பரிசோதனையில என்னய்யா வேலைன்னு கேக்கறீங்களா? எங்க பெரியம்மா பொண்ணு ஒரு லேப்ல இருக்காங்க. காலா அசாருக்கான ஆன்டிபாடி டெஸ்ட்டுக்கு ஸ்லைடு தயார் பண்றது அவங்க வேலை. அக்கா சொல்லச் சொல்ல, டெஸ்டிங் பத்தி எனக்கே ஒரு பாடம் கிடைச்சுது.

காலா அசார் மணல் ஈ கடிச்சுப் பரவுற நோய். விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், மண்ணீரல் வீங்கும். வைத்தியம் பார்க்கலைன்னா நூத்துக்கு 95 பேருக்கு மேல பிழைக்கிறதில்லை. கிருமியோட பேரு லெய்ஷ்மேனியா டோனவனி. லெய்ஷ்மன், டோனவன் ரெண்டு பேரும் 1903ல தனித்தனியா இதைப் பத்தி எழுதினாங்க. டோனவன் பார்த்தது நம்ம மெட்ராஸ்ல!

சரி, மேட்டருக்கு வருவோம். லேப்ல வளர்த்த கிருமியை ஸ்லைடுல இருக்குற குட்டி வட்டங்கள்ல சொட்டு விட்டு உலர்த்துவாங்க. அது மேல நோயாளியோட சீரம். அதுல ஆன்டிபாடி இருந்தா கிருமியைப் பிடிச்சுக்கும். கழுவிட்டு, அந்த ஆன்டிபாடியைப் பிடிக்கிற, ஒளிரும் சாயம் கோத்த இன்னொரு ஆன்டிபாடியை விடுவாங்க. மறுபடி கழுவி ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்ல பார்த்தா, கிருமி பச்சையா மின்னும்.

சிக்கல் என்னன்னா, இத்தனை கழுவல்ல கிருமியே போயிடும். பேரு மட்டும் ஒட்டுண்ணி :-)

அதுக்கு அக்கா சொன்ன வழிகள்: ஸ்லைடை ஆல்கஹால்ல துடைச்சு எண்ணெய்ப் பசை போக்கணும். பாலி லைசின் பூசினா பிடிப்பு கூடும். கிருமியை உப்புக் கரைசல்ல நல்லா கழுவணும், இல்லைன்னா வளர்ப்புத் திரவத்துல இருக்குற புரதம் பின்னணியில மினுங்கும். எண்ணிப் பார்த்து ஒவ்வொரு வட்டத்துலயும் ஒரே அளவு விடணும். முழுசா உலர்ந்தப்புறம் குளிர்ந்த அசிட்டோன்ல முக்கணும். சிலிக்கா ஜெல்லோட ஃப்ரீசர்ல வைக்கணும். வெளிய எடுத்தா, அறை வெப்பத்துக்கு வர்ற வரைக்கும் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா ஈரம் கோத்து எல்லாம் வீண்.

எனக்குப் பிடிச்சது ஈவான்ஸ் ப்ளூ. இந்தச் சாயம் சேர்த்தா, ஆன்டிபாடி ஒட்டாத கிருமி சிவப்பாத் தெரியும். சிவப்பு இருந்தா ‘பார்த்தோம், ஆன்டிபாடி இல்லை’. ஒண்ணுமே இல்லைன்னா ‘பார்க்கவே இல்லை’. எங்க ஆபீஸ்ல டெஸ்ட் ஓடவே ஓடாம ‘பாஸ்’னு காட்டுமே, அதே கதை! அதனாலதான் ஒவ்வொரு ஸ்லைடுலயும் பாசிட்டிவ்னு தெரிஞ்ச சீரம் ஒண்ணு, நெகட்டிவ்னு தெரிஞ்சது ஒண்ணு. அது ரெண்டும் சரியா வரலைன்னா அந்த ஸ்லைடையே நம்பக் கூடாது.

குணமான பிறகும் ஆன்டிபாடி ரொம்ப நாள் இருக்கும்; அதனால பாசிட்டிவ்னாலும் டாக்டர் யோசிச்சுத்தான் முடிவு சொல்வார். இப்போ கிராமங்கள்ல ஆர்கே39 பட்டை வெச்சே சீக்கிரம் பார்த்துடறாங்க. ஆனா ஸ்லைடு வெச்சுப் பார்க்குற இடத்துல, மண்ணீரல் வீங்கின ஒருத்தரை ‘ஒண்ணுமில்லை’ன்னு வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, அந்த வட்டத்துல கிருமி இருந்துச்சான்னு யாராவது பார்த்திருக்கணும்.