எச்சத்திலிருந்து கிளோஸுக்கு: அட்டாளைச்சேனையில் ஆங்கில வாக்கியம் கற்பிக்கும் தொழில்

அம்பாறைக் கரையோரத்தில் ஒலுவில், பாலமுனை ஆகிய ஊர்களுக்குத் தெற்கிலும் அக்கரைப்பற்றுக்கு வடக்கிலும் அமைந்துள்ள அட்டாளைச்சேனை, நெல்லும் மீனும் விளையும் ஊர் என்பதோடு ஆசிரியர்கள் உருவாகும் ஊராகவும் அறியப்படுகிறது. ஆசிரியர் கலாசாலை, தேசிய கல்வியியற் கல்லூரி, கிழக்கிலங்கை அறபுக் கல்லூரி ஆகிய மூன்றும் இவ்வூரில் உள்ளன. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அருகிலுள்ள ஒலுவிலில் இயங்குகிறது. கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட இத்தனை பேர் கூடியிருக்கும் ஊரில், அத்தொழிலின் நுட்பமான ஒரு பகுதியாகிய ஆங்கில வாக்கிய அமைப்பைக் கற்பிக்கும் முறையை நேரில் நோக்கி ஆராய்வது பொருத்தமானதாகும்.

ஆங்கில இலக்கணத்தில் கிளோஸ் எனப்படுவது, எழுவாயும் அதற்குரிய வினையும் கொண்ட வாக்கிய உறுப்பாகும். தனித்து நின்று பொருள் தருவது தலைமை வாக்கியம் என்றும், அதைச் சார்ந்து நிற்பது துணை வாக்கியம் என்றும் கூறப்படும். துணை வாக்கியங்களைப் பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்வது, பெயரடையின் வேலையைச் செய்வது, வினையடையின் வேலையைச் செய்வது என மூவகையாகப் பிரித்து, வாக்கியத்தைக் கட்டங்களாக அறுத்துக் காட்டும் முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெஸ்ஃபீல்ட் எழுதிய இலக்கண நூல்களின் வழியாகத் தென்னாசியப் பாடசாலைகளில் வேரூன்றியது. இம்முறையில் பயின்ற மாணவர் பலர் துணை வாக்கியத்தை இனங்கண்டு பெயர் சொல்ல வல்லவர்களாக இருந்தும், அத்தகைய வாக்கியம் ஒன்றைத் தாமாக எழுதத் தயங்குகின்றனர் என்பது இன்றும் ஆங்கில ஆசிரியர்கள் சந்திக்கும் முதன்மையான சிக்கலாகும்.

இச்சிக்கலின் வேர் மாணவரின் சோம்பலில் இல்லை. தமிழும் ஆங்கிலமும் வாக்கியத்தைக் கட்டும் திசை எதிரெதிராக இருப்பதில் உள்ளது. தமிழ் வாக்கியம் பொதுவாக இறுதியில் நிற்கும் ஒரே முற்றுவினையில் முடிவடைய, அதற்கு முன்னுள்ள செயல்கள் பெரும்பாலும் எச்சங்களாகவே அமைகின்றன. பெயரைக் கொண்டு முடிவது பெயரெச்சம், வினையைக் கொண்டு முடிவது வினையெச்சம். ஆங்கிலமோ இணைப்புச் சொல்லைத் துணை வாக்கியத்தின் தலையில் வைத்து, அதனுள்ளும் முழுமையான வினையை அமைக்கிறது. கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமானின் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ 1999இல் வெளிவந்தது முதல், தற்காலத் தமிழின் அமைப்பை எளிமையாக அறிவதற்கான நூல் இப்பகுதி ஆசிரியர்களின் கைக்கெட்டும் நிலையில் உள்ளது. எனினும் தமிழ் இலக்கணம் தமிழ்ப் பாடத்துக்கும் ஆங்கில இலக்கணம் ஆங்கிலப் பாடத்துக்கும் உரியவை என்ற பிரிவினையால், ஒன்றின் அறிவு மற்றொன்றுக்கு உதவாமற் போகிறது.

இப்பிரிவினையைக் கடந்து கற்பிக்கும் வகுப்பு எவ்வாறு இருக்கும் என்பதற்குத் தரம் 9 மாணவருக்கு நடத்தப்பட்ட பாடம் ஒன்று சான்றாகும். ‘நேற்று மீன் கொண்டுவந்த தோணி உடைந்துவிட்டது’ என்ற வாக்கியம் முதலில் தமிழிலேயே பலகையில் எழுதப்பட்டது. அதை ஆங்கிலமாக்கச் சொன்னபோது, ‘யெஸ்டர்டே பிஷ் ப்ரோட் போட் இஸ் ப்ரோக்கன்’ என்ற வரியே பல கொப்பிகளில் காணப்பட்டது. ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடிக்கவில்லை. ஆங்கிலச் சொற்கள் எழுதிய அட்டைகளை மாணவிகளிடம் கொடுத்து, முதலில் தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கிலேயே வரிசையாக நிற்கச் செய்தார். ‘த போட்’ என்ற அட்டையை ஏந்திய மாணவியைப் பின்பகுதியிலிருந்து வரிசையின் முதலிடத்துக்கு வரச் செய்து, ‘தட்’ என்ற அட்டையை ஏந்திய புதிய மாணவியை அவருக்கு அடுத்து நிறுத்தி, ‘ப்ரோட்’, ‘பிஷ்’, ‘யெஸ்டர்டே’ ஆகியோரை அதன்பின் ஒழுங்குபடுத்தினார். ‘இஸ் ப்ரோக்கன்’ இருந்த இடத்திலேயே நின்றது. ‘கொண்டுவந்த’ என்பதன் ஈற்றிலுள்ள அகரம் தமிழில் செய்த வேலையையே ஆங்கிலத்தில் ‘தட்’ என்ற தனிச்சொல் செய்கிறது என்பதை அவ்வகுப்பு வரையறை எதையும் மனனம் செய்யாமலே கண்டுகொண்டது.

பெயரெச்சத்தில் இதைவிட நுட்பமான மற்றொரு வேறுபாடும் உண்டு. ‘படித்த புத்தகம்’, ‘படித்த பாடசாலை’, ‘படித்த காலம்’ ஆகிய மூன்றிலும் தமிழ் ஒரே வடிவத்தையே பயன்படுத்துகிறது. புத்தகம் செயப்படுபொருள் என்பதையும் பாடசாலை இடம் என்பதையும் கேட்பவரே உணர்ந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் அந்த உறவு பொதுவாக ‘தட்’, ‘வேர்’, ‘வென்’ என வெவ்வேறு சொற்களாலோ முன்னிடைச் சொற்களாலோ வெளிப்பட வேண்டும். ‘த ஸ்கூல் விச் ஐ ஸ்டடீட்’ என்று மாணவர் எழுதுவது கவனக்குறைவால் அன்று. தாய்மொழி கேட்காத ஒரு கேள்வியை ஆங்கிலம் கேட்பதாலேயே அப்பிழை நேர்கிறது.

பெயர்ச்சொல்லாக நிற்கும் துணை வாக்கியத்திலும் திசைமாற்றம் இவ்வாறே நிகழ்கிறது. ‘வாப்பா நாளைக்கு வருவார் என்று உம்மா சொன்னார்’ என்பதில் உம்மாவும் சொன்னதும் இறுதியில் நிற்க, ஆங்கிலத்தில் அவை முன்னே வந்து, ‘என்று’ என்பதன் இடத்தை ‘தட்’ பெறுகிறது. வினையடையாக நிற்பவற்றில் ‘பெய்தால்’, ‘பெய்ததால்’, ‘பெய்தும்’, ‘பெய்தபோது’ என வினையின் ஈற்றில் ஒட்டிவரும் பொருள்கள், ‘இஃப்’, ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘வென்’ என முன்னே தனித்து நிற்கின்றன. ‘மழை பெய்தும், ஆனாலும் போனோம்’ என்பது பேச்சுத் தமிழில் பொறுத்துக்கொள்ளப்படுவதால், ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவே ‘பட்’ என்பதும் நுழைந்துவிடுகிறது.

அட்டாளைச்சேனைக்கே உரிய வாய்ப்பு ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அறபு இலக்கணமாகிய நஹ்வைக் கற்ற மாணவருக்கு, ‘அல்லதீ’ என்ற இணைப்புப் பெயர் தான் விளக்கும் பெயருக்குப் பின்னே வருவதும், அதனைத் தொடர்ந்து ‘ஸிலா’ எனப்படும் விளக்கத் தொடர் அமைவதும் தெரிந்த செய்திகளே. தமிழுக்கு எதிர்த்திசையில் ஆங்கிலம் வைக்கும் அமைப்பு, அவர் அறிந்த மற்றொரு மொழியில் முன்பே இருக்கிறது. அறபில் அத்தொடருக்குள் சுட்டுப்பெயர் மீண்டும் வரலாம், ஆங்கிலத்தில் வரலாகாது என்ற வேறுபாட்டை மட்டும் ஆசிரியர் எச்சரித்துக் கொடுத்தால் போதுமானது.

பிழைகளை ஒப்பிட்டு ஆராயும் துறையும் இதற்குத் துணைநிற்கிறது. ராபர்ட் லாடோ 1957இல் தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்குமான வேறுபாடுகளே இடர்ப்பாட்டைக் காட்டும் என்றார். பிட் கோர்டர் 1967இல் பிழை என்பது கற்றல் நிகழ்வதற்கான அடையாளம் என்று விளக்கினார். 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் வெளியிட்ட ஆய்வில், பெயருக்கு முன்னே விளக்கத் தொடரை வைக்கும் சீன, யப்பானிய மொழியினர், அதைப் பின்னே வைக்கும் அறபு, பாரசீக மொழியினரைவிட அவ்வமைப்பில் குறைவாகவே பிழைவிட்டனர். அவர்கள் அவ்வமைப்பைத் தவிர்த்து வந்தமையே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. தமிழும் முன்னே வைக்கும் மொழியே ஆதலால், சிறுசிறு வாக்கியங்களால் மட்டுமே நிரம்பிய பிழையற்ற கொப்பி ஒன்றைக் காணும் ஆசிரியர், அதைத் தேர்ச்சியின் அடையாளமாக மட்டும் கொள்ளாமல், தயக்கத்தின் அடையாளமாகவும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் பயின்று, மூன்றாம் ஆண்டில் பாடசாலைகளில் கட்டுறு பயிற்சி பெறும் இளம் ஆசிரியர்களிடமே இத்தொழிலின் எதிர்காலம் தங்கியுள்ளது. ஆங்கில ஆசிரியராகப் போகும் ஒவ்வொருவரும் பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் பிழையறக் கற்றிருக்க வேண்டும். கொப்பியைத் திருத்தும்போது எது பிழை என்பதோடு, அது தமிழின் எந்த அமைப்பிலிருந்து வந்தது என்பதையும் ஓரத்தில் ஒரு சொல்லால் எழுத வேண்டும். ‘நேற்று மீன் கொண்டுவந்த தோணி’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வாக்கியத்துக்குள் இன்னொன்றை வைக்கத் தெரியும். அந்த அறிவை அடையாளங்கண்டு ஆங்கிலத்தின் ஒழுங்குக்கு இட்டுச்செல்வதே ஆசிரியரின் கடமையாகும்.