இடிதான் மகள்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரமானால் எங்கள் கிழக்குக் கரையில் மேற்குப் பக்கம் கறுத்துவிடும். மாரி நிலைகொள்வதற்கு முந்திய இடைப்பருவ காலத்து இடிமழை அது. வயலுக்கு அது வேண்டும். எட்டு வயதான என் மகளுக்கு வேண்டாம். வானம் கறுக்கத் தொடங்கும்போதே அவளது உள்ளங்கை வியர்க்கும், நா வறளும். மின்னியதும் மலசலகூடத்துக்குப் போகவேண்டும் என்பாள். 'வயித்துக்குள்ள குதிர ஓடுது உம்மா' என்பதுதான் அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர். கண்ணாடியைத் துணியால் மூடச் சொன்ன உறவினர்கள் உண்டு. மூடினோம். குதிரை நிற்கவில்லை.

அந்தக் குதிரை கற்பனையல்ல. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இரு சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் விரைகிறது, சமிபாடு தடைப்படுகிறது, இரத்தம் கைகால் தசைகளை நோக்கித் திரும்புகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் இப்படித் தயாராவதை வோல்டர் கெனன் என்ற அமெரிக்க உடற்றொழிலியலாளர் 1915இலேயே விளக்கி எழுதினார். ஆனால் இடிக்குப் பயந்து எங்கே ஓடுவது, யாரோடு மோதுவது? ஓடுவதற்கென வந்த வலு, போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் பிள்ளையின் உடம்பிலேயே நின்று நடுங்குகிறது. அந்நேரம் பார்த்து 'பயப்பிடாதங்க' என்பது, பாய்ந்துவிட்ட குதிரைக்கு உபதேசம் செய்வதுதான்.

ஆகவே குதிரைக்கு வேலை கொடுத்தோம். வானம் கறுக்கும்போதே கொடியில் காயும் உடுப்புகளை அள்ளி வருவது அவள் பொறுப்பு. முதல் இடி முழங்கிவிட்டால் வெளியே விடுவதில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் பிளக்கை அதற்கு முன்பே நான் கழற்றிவிடுவேன். பிறகு எதிரெதிரே உட்கார்ந்து, என் உள்ளங்கைகளோடு தன் உள்ளங்கைகளை வைத்து, பத்து எண்ணும்வரை முழுப் பலத்தோடு தள்ளுவாள். கையை எடுத்ததும், சுடுதேநீரை ஊதுவதுபோல் மூச்சை மெல்ல மெல்ல வெளியே விடுவாள். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீண்டால் இதயத்தின் ஓட்டம் தணியும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணவும் பழக்கினேன். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். பன்னிரண்டு எண்ணினால் நான்கு கிலோமீற்றர் தூரம். கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்பது, ஆறு, மூன்று என்று குறைந்துவரும்போது அந்தக் கணக்கே பயத்தைக் கூட்டியது. எனவே நெருங்கி வரும் இடிக்குக் கையைத் தள்ளுவோம், விலகிப்போகும் இடிக்கு எண்ணுவோம். இந்த ஒழுங்கை வகுத்தவள் அவள்தான்.

என் உம்மாவிடம் வேறொரு வைத்தியம் இருந்தது. பிள்ளையை மடியில் இழுத்து, 'இடிதான் மகள், இடிதான்' என்பார். ஒரு நாள் அவள் தலையை நிமிர்த்திக் கேட்டாள்:

'இடிக்குத்தானே மூத்தம்மா நான் பயப்பிடுற?'

உம்மாவுக்குப் பதில் வரவில்லை. எனக்கு விளங்கியது. 1990இல் எனக்கு ஒன்பது வயது. இரவில் தூரத்தில் சத்தம் கேட்டால் வீட்டில் எல்லோரும் அசையாமல் காது கொடுப்பார்கள். ஷெல்லா, இடியா? யாராவது 'இடிதான்' என்றால் அந்த ஒரு சொல்லில் வீடு முழுவதும் மூச்சு விடும். நாங்கள் மறுபக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவோம். எங்களுக்கு இடி ஓர் ஆறுதல். 2009இல் யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது? அவள் அறிந்ததில் ஆகப் பெரிய சத்தமே இடிதான். அதைவிடப் பெரியதை அவள் கேட்டிராதது எவ்வளவு நல்லது! நாங்கள் பட்டதை அளவுகோலாக வைத்து அவளது பயத்தைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உம்மா அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. மடியில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி, நீண்ட மூச்சில் ஓதுவார். மகளின் மூச்சும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் போக்கில் போகும்.

ஒரு நாள் பின்னேரம் மின்னலும் இடியும் ஒன்றாகவே விழுந்தன. குசினியில் நின்ற என் கையிலிருந்து கோப்பை நழுவி உடைந்தது. சத்தம் கேட்டு வந்த மகள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு துண்டுகளை மிதிக்காமல் சுற்றி வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

'தள்ளுங்க உம்மா.'