உட்காருங்க மாமா

ஓசூரில் 1980களில் ஃபேக்டரி வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் இப்போது ரிட்டயராகி வீட்டில் இருக்கிறார்கள். மகனும் மருமகளும் விடிந்ததும் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ் ஏறிவிட, பெரியவருக்குத் துணை டிவிதான்.

எதிர்வீட்டுக்காரர் ஃபிட்டராக இருந்தவர். முறுக்கின நட்டு அசையாது என்று பெயர் வாங்கிய கை. ஊறுகாய் பாட்டில் மூடியை வேட்டி முனையால் சுற்றிப் பிடித்துத் திருகிப் பார்த்துவிட்டு, பேரனிடம் நீட்டினார். வாட்ச் முழங்கை வரை வழுக்குகிறது. "வயசாச்சு இல்ல" என்கிறது வீடு. சூளகிரிப் பக்கம் எண்பது தாண்டிய பாட்டிமார் இன்னும் கொத்தமல்லிக் கட்டு கட்டுகிறார்களே!

2001இல் லிண்டா ஃப்ரீட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு இந்தத் தளர்வுக்கு ஐந்து அடையாளங்களைச் சொன்னது: முயலாமலே எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று சேர்ந்தால் முதுமைத் தளர்ச்சி. அப்புறம் ஒரு சாதாரணக் காய்ச்சல் போதும், ஆளைப் படுக்கையில் தள்ள. மிச்சமிருக்கும் தசையைப் படுக்கை தின்றுவிடும். ஒன்றிரண்டு அடையாளத்தோடு பிடித்துவிட்டால் மீட்க வாய்ப்பு உண்டு.

"உட்காருங்க மாமா, நான் எடுத்துத் தர்றேன்" என்கிறாள் மருமகள். பாசம்தான். ஆனால் பாதித் தளர்ச்சி இந்தப் பாசத்தில் வருகிறது என்பது என் கட்சி. மீதி சாப்பாட்டில். பல் போனதால் அவருக்குக் காலையில் டீயும் பன்னும், ராத்திரி ராகிக் களி. களியைக் குறை சொன்னால் இந்த ஊரில் இருக்க முடியாது. ஆனாலும் கூடவே ஒரு முட்டையோ கொள்ளுப் பருப்போ இல்லாமல் தசை நிற்காது.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சுகர், பிரஷர் மாத்திரையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வீடு தேடி வரும் பிசியோதெரபியும் அதில் உண்டு. (மாத்திரை தராத வைத்தியத்தை நாம் எங்கே மதித்தோம்?) தளர்ச்சிக்கோ இதுதான் வைத்தியம்: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது, சின்ன எடை தூக்குவது, நடப்பது.

பால் வாங்க இனி அவரையே அனுப்பச் சொன்னேன். மருமகள் முறைத்தாள். "பாகலூர் ரோட்டுல லாரி வர்ற வேகம் தெரியுமாண்ணா?"

நியாயம்தான். தெருவுக்குள்ளேயே நாலு சுற்று, காலையும் மாலையும் என்று பேசி முடித்தோம்.