மண்வெட்டிக் காம்பும் வேதியியலும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கருவியின் இரும்பைப் பற்றிப் பேசுவோர் பலர். காம்பைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மண்ணைத் தொடுவது இரும்பு. மனிதனைத் தொடுவது மரமன்றோ? அம்மரத்துக்கு ஏற்ற பூச்சு எது என்பது எங்கள் வீட்டில் ஒரு வழக்காகவே நடந்து வருகிறது.

கடைகளில் சில காம்புகள் வார்னிஷ் பூசிப் பளபளக்கும். என் தந்தையார் அவற்றை வாங்க நேர்ந்தால், கண்ணாடிச் சில்லால் பூச்சைச் சுரண்டிய பிறகே பயன்படுத்துவார். "வேர்வை பட்டா வழுக்கும், கை கொப்பளிச்சுப் போகும்" என்பார். உண்மைதான். வார்னிஷ் மரத்தின் மேல் தனிப் படலமாக நிற்பது, வியர்வையை உறிஞ்சாது. கீறல் விழுந்தால் அதன்வழி நீர் புகுந்து உரியத் தொடங்கும். எண்ணெயோ மரத்தினுள் ஊறி நிற்பது.

எந்த எண்ணெய்? அப்பாவின் கட்சி வேப்பெண்ணெய். என் கட்சி ஆளிவிதை எண்ணெய். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்பதே அயோடின் எண். தேங்காயெண்ணெய்க்கு இது ஏறத்தாழ 10. விளக்கெண்ணெய்க்கு 80 முதல் 90. ஆளிவிதை எண்ணெய்க்குப் பொதுவாக 170-க்கு மேல். எண் உயர்ந்தால் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி என்று பொருள். அவ்விடங்களில் காற்றின் ஆக்சிஜன் சேர்ந்து மூலக்கூறுகளைப் பின்னுவதால் எண்ணெய் கெட்டிப்படுகிறது. நீர் உலர்வது ஆவியாவதால். இந்த எண்ணெய் உலர்வதோ ஆக்சிஜனை ஏற்பதால்! வேப்பெண்ணெய் இவ்வாறு உலராது. ஆண்டுதோறும் தடவ வேண்டும்.

இதை அப்பாவிடம் விளக்கினேன். "வருசா வருசம் தடவுனாத்தானே காம்புல வெடிப்பு இருக்கான்னு தெரியும்?" என்றார். வகுப்பில் இதற்கு விடை இல்லை.

புதுக் காம்பின் முனையை இரவு முழுதும் எண்ணெயில் நிறுத்தி வைப்பதும் அவர் வழக்கம். அதன் காரணத்தைத் தாவரவியல் பாடத்தில்தான் அறிந்தேன். மரத்தின் நீர்க்குழல்கள் வாய்திறந்து நிற்பது வெட்டுமுனையில். நீர் புகுவதும் எண்ணெய் ஏறுவதும் பெரிதும் அவ்வழியே.

ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போடலாகாது. உலரும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானே தீப்பற்றக்கூடும். விரித்துப் போட்டே காயவிட வேண்டும். எம்போல் கூரை வீட்டில் வாழ்வோர்க்கு இது உயிர்ச் செய்தி.

இவ்வாண்டு புதுக் காம்பை அப்பா என்னிடமே தந்து, "உன் எண்ணெயையே போடு, பாப்போம்" என்றார். இனித் தீர்ப்பு அவர் உள்ளங்கையில். நண்பர்களே, நாம் கற்பது தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல், நம்மைப் படிக்க வைத்த கைகளுக்கும் சிறிது எட்டட்டும்!