மஸ்டாங்கின் ஸ்டியரிங்

1966 மஸ்டாங் வாங்குபவர்கள் முதலில் இன்ஜினுக்குத்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் ஸ்டியரிங்கில் தொடங்குங்கள் என்பேன்.

அந்தக் காரின் சாதாரண ஸ்டியரிங் பெட்டி 19:1. லிங்கேஜையும் சேர்த்தால் ஏறக்குறைய 27:1. சக்கரம் ஒரு டிகிரி திரும்ப, கை 27 டிகிரி சுற்ற வேண்டும். பார்க்கிங் செய்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். கூடுதல் விலைக்குக் கிடைத்த பவர் ஸ்டியரிங்கில் சிலிண்டரும் கன்ட்ரோல் வால்வும் வெளியே லிங்கேஜில் தொங்கும். வயதானால் எண்ணெய் கசியும்.

என் காருக்கு ரேக் அண்ட் பினியன் போடச் சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை. டை ராட் அசையும் புள்ளி சஸ்பென்ஷனோடு ஒத்துப்போகாவிட்டால், மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகவே திரும்பும். அதனால் ஹைட்ராலிக் உள்ளேயே அடங்கிய பெட்டியை மாட்டினேன். பழைய லிங்கேஜ் அப்படியே இருக்கிறது.

  

பெட்டியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அலைன்மென்ட். பழைய கேஸ்டர் அளவு அந்தக் காலத்து பயாஸ் டயருக்கானது. ரேடியல் டயருக்கு பாசிட்டிவ் கேஸ்டர் 2, 3 டிகிரியாவது வேண்டும். அப்படி வைத்த பிறகு, இப்போது வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறது, நெடுஞ்சாலையில் கார் நேராகப் போகிறது. பட்டறையில் 1966 கையேட்டின் அளவையே வைக்கிறேன் என்றால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.